சாராள் சுவர்

1

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய மூன்றாம் நாள், என்னை ஜெயிலிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

கல்வி இலாகா ஆபீசில் என் பத்திரங்களைப் பதிந்தால்தான் பள்ளிக்கூடத்தில் சேர முடியும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணி (இங்கே குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர்) நம் வாலாஜாக்காரர். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று சொல்லி என்னை உட்காரவைத்தார். நடத்தைச் சான்றிதழைப் பிரித்துப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வேலூரில் இரண்டு வருஷம் வார்டன் மேற்பார்வையில் இருந்தாள், கட்டுப்பாடுகளுக்கு அடங்கி நடந்தாள், நடத்தையில் குறை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, எத்தனை வருஷம் உள்ளே இருந்தாய் என்று கேட்டார். உள்ளே என்றால் எனக்கு விடுதி. இரண்டு வருஷம் என்றேன், பெருமையாக.

"இன்னா கேஸு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஜில்லாவில் 'வேலூருக்குப் போய்ட்டான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கும் போதனாமுறைப் பாடசாலை, அதில் மாணவிகள் தங்க ஒரு விடுதி, விடுதிக்கு ஒரு வார்டன் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். இன்றும் என் பத்திரத்தில் அது தலைகீழாகத்தான் இருக்கிறது.

2

இந்தக் கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கத்தான் பேனாவை எடுத்தேன். நம் விடுதிக்கு முப்பது வயதாகிறது, விழா மலருக்கு அதன் சரித்திரத்தை எழுதி அனுப்பு, கடல் கடந்த அனுபவங்களையும் சேர்த்துக்கொள், எல்லாரையும்விட நீதான் வேகமாக எழுதுவாய் என்று வார்டன் அம்மாள் கடிதம் போட்டிருந்தார். கூடவே முதல் வருஷத்து ஆஜர் புத்தகத்திலிருந்து சில பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். ஒரே மூச்சில் பாதி சரித்திரம் எழுதியும் முடித்துவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்காக, கிழித்ததிலிருந்து கொஞ்சம். விடுதி தொடங்கியபோது அது தோல் வியாபாரி ஒருவரின் பழைய கிடங்கு. ஆம்பூர் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில், தோட்டத்தோடு வாடகைக்குக் கிடைத்தது. தோல் பதனிட அடுக்கிவைத்துத் தரையில் ஊறிப்போன ஆவாரம்பட்டை வாசனை மழை நாளில் எழும்பும். என் காலத்திலும் எழும்பியது, இப்போதும் எழும்புமென்று நினைக்கிறேன். முதல் வருஷம் பதினொரு பெண்கள். முதல் வார்டன் ஒரு துரைசானி, தமிழ் தெரியாதவள். மாலை ஆறு மணிக்கு மணி அடித்ததும் பெயர் கூப்பிடுவாள். 'உள்ளேன் அம்மா' என்று பதில் சொல்லப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்து வாய்க்கு 'ன்' எங்கே வருகிறது! அத்தனை பேரும் 'உள்ளே' என்றார்கள். துரைசானி அகராதியைப் புரட்டி அர்த்தம் பார்த்தாள். 'இங்கே இருக்கிறேன்' என்பதைவிட இது எவ்வளவு பொருத்தம் என்று சந்தோஷப்பட்டு, ஆஜர் புத்தகத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பையே 'உள்ளே' என்று மாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு இலக்கண சுத்தமாக 'உள்ளேன்' என்றவர்களை அவள் திருத்தினாளாம்.

பதினொரு பேரில் ஐந்தாவது பெயர் மரகதம். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். அவள் என் அம்மா.

நாலாவது பெயர் சாராள். பிரதியில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. சாராளை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? சேர்ந்த முதல் நாளே தோட்டத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிச் சில்லு பதித்த அந்த உயரமான சுவரைக் காட்டி, இதுதான் சாராள் சுவர், இதைத் தாண்டித்தான் அவள் ஓடிப்போனாள், அன்றையிலிருந்துதான் ஆறு மணிக்கு மேல் வெளிவாசலுக்குப் பூட்டு என்று சொல்லாத அக்காமார் உண்டா? நானும் சொன்னேன். என் பங்குக்கு ஒரு பாண்டு வாத்தியக்காரனையும் ஓர் ஏணியையும் சேர்த்தேன். ஏணி நன்றாக எடுபட்டது. அம்மாவிடம் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவாள்.

3

இங்கே நான் இருப்பது ஆசிரியைகளுக்கான மாடி அறை. சித்தப்பாவின் லுங்கிக் கடை இரண்டு தெரு தள்ளி. முதல் நாள் வீட்டுக்காரச் சீனத்தி என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். வாசல் சாவி, வேண்டும்போது போய் வேண்டும்போது வந்துகொள் என்றாள். என் கையில் ஒரு வாசலின் சாவி! அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதல் வாரம் முழுவதும் முந்தானையில் முடிந்துகொண்டு தூங்கினேன். பேர் கூப்பிட ஆளில்லை. ஆனாலும் துறைமுகத்துக் கடிகாரம் ஆறு அடித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு 'உள்ளே' என்று வாய் முணுமுணுத்துவிடும். தெருவில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருக்கும்போதுகூட.

பேச்சிலும் வழுக்குகிறேன். எங்கள் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல உதவும் எஸ்தர் என்கிற பதினேழு வயதுப் பெண் ஒரு நாள், மக்கான் ஆச்சா டீச்சர் என்று கேட்டாள். ஆம்பூர் சாயபுமார் வீட்டை மகான் என்பார்களே, அந்த நினைப்பில், இல்லையம்மா வாடகை அறைதான் என்றேன். இங்கே மக்கான் என்றால் சாப்பாடு. வகுப்பே உருண்டு சிரித்தது. எஸ்தர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவாள். அவள் தாய் ஆம்பூர்க்காரி என்று தெரிந்ததும் எனக்கு ஒட்டுதல் ஜாஸ்தியாகிவிட்டது.

எஸ்தருக்கு ஒரே ஆசை: நம் பாடசாலையில் சேர்ந்து முறையாகப் படித்த ஆசிரியையாக வேண்டும். விண்ணப்பத் தாளை நான்தான் வரவழைத்துக் கொடுத்தேன். எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பினாள். தாயின் கையெழுத்து மட்டும் பாக்கி. "அம்மா சைன் போடமாட்டாங்க லா. எங்க வேணாலும் போ, வேலூர் வேணாம்னு சொல்றாங்க. காரணம் கேட்டா பேசவே மாட்டாங்க," என்றாள். இந்தக் கப்பல் தபாலில் தாள் போகாவிட்டால் ஒரு வருஷம் வீண். வருஷம் கழிந்தால் தகப்பனார் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்.

நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

4

எஸ்தரின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற டிரெஸ்ஸர். அதனால் அவள் தாயை எல்லாரும் டிரெஸ்ஸர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் வேறு பெயர் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலை போனேன். உயரமான மனுஷி, ஐம்பதை எட்டிக்கொண்டிருப்பார். காப்பி கொடுத்தார். விடுதியைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் முகத்தைக் காட்டாமல் கேட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்து மாதா கோவிலில் ஆறு மணி அடித்தது. டம்ளரைக் கீழே வைத்து, 'உள்ளே' என்றேன்.

டிரெஸ்ஸர் அம்மாவின் கை காப்பிப் பாத்திரத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இன்னா டீச்சர் அது என்றாள். இதற்குத்தானே காத்திருந்தேன்! 'உள்ளே' வந்த கதையைச் சொன்னேன். அது முடிந்ததும், யாரும் கேட்காமலே, சாராள் சுவரின் கதையை எடுத்தேன். பாண்டுக்காரன், ஏணி எல்லாவற்றையும் போட்டேன். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏணி எங்கேந்து வந்துச்சாம்?" என்றார் டிரெஸ்ஸர் அம்மா.

பாண்டுக்காரன் கொண்டு வந்தான் என்றேன். சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஒன்றரை ஆள் உயரம் என்றேன்.

"அது அப்புறம் எழுப்புனது. அப்போ என் தோளு ஒசரம்கூட இல்ல. தாண்டணும்னா ஒரு கால்ல தாண்டிருப்பேன். நான் கேட்டாண்ட நின்னு கத்திட்டிருந்தேன், டீச்சர்."

எஸ்தர் சிரிப்பை நிறுத்திவிட்டாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வாசலைப் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாமென்று நிஜமாகவே தோன்றியது. அவர் ஓட விடவில்லை. முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை, மகளும் கேட்கட்டும் என்று உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சுருக்கித் தருகிறேன்.

அவர் தகப்பன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் கால் தவறி விழுந்து இரண்டு காலும் வெந்துபோயின என்று ஒரு சனிக்கிழமை காலை ஆள் வந்து சொன்னான். லீவு வேண்டுமென்றால் தகப்பன் கைப்படக் கடிதம் வேண்டும் என்றாள் துரைசானி. தகப்பனுக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் கட்டில் தோழியிடம் சொல்லிவிட்டு மத்தியானம் நழுவிப் போனார் சாராள். ஆறுக்குள் வந்துவிடுவேன், ரயில் தாமதமானால் எனக்கும் சேர்த்துக் குரல் கொடு என்று கேட்டுக்கொண்டார். தோழி சரி என்றாள். காட்பாடியில் ரயில் நின்றுவிட்டது. விடுதி வாசலுக்கு வந்தபோது மணி ஏழு.

காவல்கார பாய் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான், யார் முகமும் தெரியாது. இரும்மா கேட்டுட்டு வர்றேன் என்று உள்ளே போனார். துரைசானி எழுந்தே வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள். நாலாவது கட்டத்தில் 'உள்ளே' என்றிருந்தது. பாய் திரும்பி வந்து சொன்னதை டிரெஸ்ஸர் அம்மா அதே குரலில் சொல்லிக் காட்டினார்.

"சாராள் உள்ளதான் இருக்குதாம். நீ யாரும்மா?"

நான்தான் சாராள் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் கதவைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? புத்தகம் இருக்கிறதே. சந்தையில் வேர்க்கடலை விற்றுவிட்டு ஒடுகத்தூர் திரும்பும் மல்லாட்டை வண்டிக்காரக் குடும்பம் ஒன்று சாலையோரம் தங்கியிருந்தது. அந்தப் பெண்களோடு படுத்துக்கொண்டார். விடிந்து வாசல் திறந்தபோது தலையெல்லாம் வைக்கோல். கட்டில் காலி, புத்தகத்தில் 'உள்ளே'. அப்படியென்றால் ஆறு மணிக்கு உள்ளே இருந்தவள் பிறகு எப்படி வெளியே போனாள்? சுவர் ஏறித்தான் போயிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார்கள். ஆவாரம்பட்டை நாற்றம் இனிமேல் போய்விடும் என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்ததாம். அந்த வாசனை தரையில் இருந்து வந்தது! நானே முகர்ந்திருக்கிறேன்!

"சுவரு தாண்டி உள்ள வந்திருக்கலாமேம்மா?" என்று எஸ்தர் மெதுவாகக் கேட்டாள்.

"நான் இன்னா திருடியா? என் பேரு இருக்கிற வூட்டுக்கு நான் எதுக்கு சுவரு ஏறணும்?"

குரல் கொடுத்த தோழி யார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"மரகதம்னு ஒருத்தி. குடியாத்தம். நல்ல பொண்ணுதான். அன்னிக்கி மட்டும் வாயத் தொறக்கல."

நான் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

5

அறைக்கு வந்து பிரதிப் பக்கங்களைப் பிரித்தேன். இருந்தது. நாலாவது பெயருக்கு நேராக அந்தச் சனிக்கிழமை 'உள்ளே'. ஐந்தாவதுக்கும் 'உள்ளே'. அடுத்த நாள் சிவப்புக் கோடு. இதே பக்கத்தை நான் பத்துத் தடவை பார்த்து, சரித்திரம் எழுதியிருக்கிறேன்.

அம்மா இருபத்தெட்டு வருஷமாகக் குழந்தைகளுக்குப் பொய் சொல்லாதே என்று எழுதப் பழக்குகிறவள். அவளுக்கு ஒரே வரி எழுதினேன்: டிரெஸ்ஸர் அம்மா என்று ஒருவரைச் சந்தித்தேன், அவர் பெயர் சாராள், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா? எஸ்தரின் தாள் மேஜையில் கிடந்தது. அந்தக் கப்பல் போய்விட்டது. வார்டன் அம்மாளுக்கு ஒரு தந்தி அடித்து, அந்தத் தாளுக்கும் என் சரித்திரத்துக்கும் ஒரு மாதத் தவணை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எஸ்தர் என்னோடு மக்கான் பேச்சுக்கூடப் பேசவில்லை. அவளிடமும் நான் யார் மகள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நாலாவது வாரம் அம்மாவின் கடிதம் வந்தது. வழக்கமாகத் தறி, மழை, அடுத்த வீட்டுச் சண்டை என்று நாலு பக்கம் எழுதுவாள். இது ஒன்றரைப் பக்கம். அவள் அனுமதியோடு பாதியை இங்கே தருகிறேன்.

"வாசலில் அவள் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்டது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொன்னால் இரண்டு பேர் பெட்டியும் வெளியே போகும் என்று பயந்தேன். எப்படியும் சுவர் தாண்டி வந்துவிடுவாள் என்று நினைத்துப் பின்கதவுக்குக் கொக்கி போடாமல் வைத்திருந்தேன். விடியும்வரை வைத்திருந்தேன். காலையில் அந்தக் கொக்கி போடாத கதவையும் அவள் கணக்கில்தான் எழுதினார்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன். நீ சாராள் சுவர் கதையை முதன்முதலில் வீட்டுக்கு வந்து சொன்ன நாள், உனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

விழாவில் பழைய புத்தகத்தை வைத்து முதல் வருஷத்துப் பேர்களைக் கூப்பிடப் போகிறார்களாம். நாலாவதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். விடக் கூடாது என்று வார்டனுக்கு எழுதிவிட்டேன். கூப்பிட்டாலும் சரி, விட்டாலும் சரி, நான் எழுந்து 'வெளியே' என்று சொல்லப் போகிறேன். அவள் வெளியே நின்றாள், உள்ளே என்று பொய்யாகச் சொன்னது நான் என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். நீ எழுதும் சரித்திரத்தில் அந்தச் சுவருக்கு என் பேரை வைத்துவிடு."

6

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், நான் மரகதத்தின் மகள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே வா என்று சொல்வாரோ மாட்டாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூச்சு வுடாம பேசறப்பவே நெனச்சேன். வா."

கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். கண்ணாடி இல்லை என்றார், கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. பின்கதவு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"கொக்கி போடாமயா வெச்சிருந்தா?" என்று கேட்டார். பதில் வேண்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, சுவருக்கு எதற்குப் பொம்பளை பெயர், சும்மா சுவர் என்றே சொல்லட்டும், மரகதத்துக்கு அப்படியே எழுது என்றார். விண்ணப்பத்தைக் கொண்டு வரச் சொல்லி எஸ்தரைக் கூப்பிட்டார்.

தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, உங்களுக்கு நினைவிருக்கும். தாய் அல்லது உறவினர் எவரேனும் இவ்விடுதியில் தங்கியதுண்டா? உண்டெனில் விலகிய காரணம் யாது? எஸ்தர் அதில் 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தாள். அவள் தாய் அதை அடித்துவிட்டு 'உண்டு, சாராள்' என்று எழுதினார். காரணத்துக்கு நேராகக் கொஞ்சம் யோசித்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி மகளிடம் கொடுத்தார்.

எஸ்தர் வாய்விட்டுப் படித்தாள். "உள்ளே இருப்பதாக எழுதியிருந்ததால்." புருவத்தைச் சுருக்கினாள். "அம்மா, ரீசன் இப்படி எழுதினா ஆபீஸ்ல யாருக்கும் அர்த்தம் ஆவாது லா."

"வேலூர்ல ஆவும்," என்றார் சாராள். "போய் சேரு. பேர் கூப்பிடறப்போ மட்டும் 'ன்'னை வுட்டுடாத."